மின்சார குக்கரில் அடி பிடிக்கிறது, மேலே அரிசி வேகவில்லை: உதவி தேவை

புதுக்குடித்தனம்:
வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறி வந்ததும் ஒரு மின்சார குக்கர் வாங்கினேன். உடன் வந்த குறிப்பேட்டில் சொல்லியிருப்பதுபோலவே அரிசியைக் களைந்து, பாத்திரத்தின் உட்புறக் கோடு வரை தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்துகிறேன். அது தானாகவே அணைந்தும் விடுகிறது. ஆனால் திறந்து பார்த்தால் அடியில் பழுப்பாகக் காந்தல் பிடித்திருக்கிறது. மேல்சோற்றை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் வெளிப்புறம் மசிகிறது, நடுவில் வெள்ளைப் புள்ளியாக அரிசி அப்படியே நிற்கிறது. இதே அரிசி அம்மா வீட்டு விசில் குக்கரில் அருமையாக வெந்தது. குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? வீட்டில் சோறு ஆக்குவதற்கு உண்மையிலேயே நல்ல வழி எது? வார இறுதியில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள்.

அடுப்படிவாசி:
குக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சில விவரங்களைச் சொல்லுங்கள். பச்சரிசியா, புழுங்கல் அரிசியா? ஊற வைக்கிறீர்களா? அரிசியைக் குக்கரோடு வந்த கிண்ணத்தால் அளக்கிறீர்களா, வீட்டு டம்ளராலா? இவை எதுவும் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குறி சொல்வதாகத்தான் இருக்கும்.

கம்பிவடம்:
நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது மின்னழுத்தத்தைத்தான். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்பதால், 230 வோல்ட்டில் 700 வாட் தரும் கருவி, 180 வோல்ட் மட்டுமே வரும் வீட்டில் சுமார் 430 வாட்தான் தரும். மாலை வேளையில் தெரு முழுவதும் வெந்நீர்க் கருவிகள் ஓடும்போது இப்படி நடப்பது இயல்பு. எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து அளந்து பாருங்கள்.

நெல்வயல்:
கம்பிவடம் ஐயா, மின்சாரம் குறைந்தால் கொதி வரத் தாமதமாகும், நேரம் நீளும். அரிசி கூடுதலாக ஊறி இன்னும் மென்மையாகத்தானே ஆக வேண்டும்? அடியும் காந்தாது. அரிசியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். மூட்டையின்மேல் பொன்னி என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி ஆகிவிடாது. அந்தப் பெயரில் பல சன்ன ரகங்கள் சந்தையில் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் தண்ணீர் குடிக்கும் அளவு வேறு. அறுவடையாகி ஓராண்டு கடந்த பழைய அரிசி தண்ணீரை அதிகமாக இழுக்கும், புது அரிசி கொஞ்சத் தண்ணீரிலேயே குழைந்துவிடும். உங்களுடையது நன்றாகப் பழகிய அரிசியாக இருக்கலாம்.

உலைமூடி:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்து, பலமுறை பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. தேடிப் பார்க்கும் பொறுமை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். பொத்தானை அழுத்தி வருவது சோறு அன்று, அது அவித்த அரிசி. அகன்ற பாத்திரத்தில் அரிசியைப் போல நான்கைந்து மடங்கு தண்ணீர் ஊற்றி, உலை தளதளவென்று கொதித்த பிறகே களைந்த அரிசியைப் போட வேண்டும். பொங்கி வரும்போது மூடியை ஒருக்களித்து வைத்து, அடியிலிருந்து ஒருமுறை கிளறிவிட வேண்டும். கரண்டியில் இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, முக்காலுக்கு மேல் வெந்ததும் இறக்கி, வடிதட்டை அணைத்துக் கவிழ்க்க வேண்டும். மிச்ச வேக்காடு அந்த ஆவியிலேயே முடியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர்கள் குக்கர் வைத்துச் சொல்லவில்லை. உங்கள் குக்கரில் மேலே ஒரு பதம், கீழே ஒரு பதம். எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பீர்கள்?

புதுக்குடித்தனம்:
பதில் தந்த அனைவருக்கும் நன்றி. பொன்னி புழுங்கல் அரிசிதான், அம்மா வீட்டு மூட்டையிலிருந்தே எடுத்து வந்தது. ஊற வைப்பதில்லை, குறிப்பேட்டில் அப்படி எதுவும் இல்லை. அரிசியைக் கூடவந்த கிண்ணத்தால்தான் அளக்கிறேன், தண்ணீர் கோடு வரை. விளக்குகள் மங்கவில்லை. இங்கே காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத அளவுக்குக் குளிர்கிறது. அதனால் இருக்குமோ?

அடுப்படிவாசி:
இப்போதுதான் ஏதோ பிடிபடுகிறது. அந்தக் கிண்ணம் பெரும்பாலும் 180 மில்லி பிடிக்கும். அது சப்பானிய அரிசி அளவை. பாத்திரத்தில் உள்ள கோடுகளும் அந்தக் கிண்ணத்துக்கும் பச்சரிசிக்கும் ஏற்பவே போடப்பட்டிருக்கும். புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவித்து உலர்த்தப்பட்டது. அந்த அவியலில் உள்ளிருக்கும் மாவுப்பொருள் இளகி, உலரும்போது மறுபடி இறுகிவிடுவதால் மணி கெட்டியாகிவிடுகிறது. எனவே நேரமும் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். கோட்டை மறந்துவிட்டு, ஒரு கிண்ணம் அரிசிக்கு மூன்று கிண்ணம் தண்ணீர் என்று தொடங்குங்கள். குளிர் என்கிறீர்களே, எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே?

சத்துக்கணக்கு:
மூலக் கேள்விக்கு அடுப்படிவாசி அக்கா சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் உலைமூடி ஐயா சொல்லும் வடிக்கும் முறையில் ஓர் இழப்பு உண்டு. தண்ணீரில் கரையும் பி வகை வைட்டமின்கள், குறிப்பாகத் தயமின், கஞ்சியோடு போய்விடும். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் வாதம் வந்ததையும், தவிட்டோடு கொடுத்தபோது அவை தேறியதையும் சாவகத்தில் (ஜாவா தீவில்) கவனித்த டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டடுக்கில் உள்ள தயமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பதுதான் புழுங்கல் அரிசியின் சிறப்பு. அதை வாங்கி வந்து, வடித்துக் கொட்டுவதில் என்ன பொருள்?

உலைமூடி:
கஞ்சியைக் கொட்டச் சொன்னது யார்? எங்கள் வீட்டில் உப்பும் மோரும் கலந்து அதைக் குடிக்கிறோம், பருத்திப் புடவைக்கும் போடுகிறோம். கஞ்சியை வடிப்பதால் சர்க்கரையும் வடிந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் வடித்த சோற்றையே உண்ண வேண்டும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். குக்கர் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு நீரிழிவும் வந்தது.

சத்துக்கணக்கு:
ஐயா, கஞ்சியில் இறங்குவது மணியின் மேற்பரப்பிலிருந்து கரையும் சிறு பகுதி மாவுப்பொருள்தான். பெரும்பகுதி சோற்றிலேயே இருக்கிறது. வடித்துவிட்டோம் என்ற துணிவில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் வடித்ததன் பயன் அத்தோடு போயிற்று. இரத்தச் சர்க்கரை எவ்வளவு விரைவாக ஏறும் என்பது அரிசி ரகத்தில் அமைலோசு என்ற மாவுப்பொருள் வகை எவ்வளவு, புழுங்கலா பச்சையா, எவ்வளவு குழைய வைத்தோம், தட்டில் வேறு என்ன இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எவ்வளவு சோறு என்பவற்றைப் பொறுத்தது. கஞ்சியைக் குடிப்பவர், வடித்ததாக நினைத்த அந்தச் சிறு பகுதியையும் குடித்துவிடுகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்வயல்:
நீரிழிவைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாமே. அவர் வீட்டில் விருந்தாளிகள் வரப்போகிறார்கள், சோறு இன்னும் வேகவில்லை.

தேயிலைமேடு:
நான் கோத்தகிரியில் குடியிருக்கிறேன். அடி காந்துகிறது, மேலே நடுவரிசி நிற்கிறது, காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. இவை மூன்றையும் சேர்த்துப் படித்ததும் கேட்கத் தோன்றியது: நீங்கள் மலைமேல் எங்காவது இருக்கிறீர்களா?

புதுக்குடித்தனம்:
உதகமண்டலம். அம்மா வீடு மேட்டுப்பாளையம். ஊர் எதற்கு?

தேயிலைமேடு:
ஊர்தான் முக்கால் பங்கு காரணம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திராமல் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. கொதியின் ஆர்ப்பாட்டம்தான் கூடும்.

உங்கள் குக்கருக்குச் சோறு வெந்ததா இல்லையா என்று தெரியாது. அடியில் இருக்கும் ஒரு காந்தம் பாத்திரத்தின் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. வற்றியதும் விறுவிறுவென்று ஏறி, 100 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் காந்தம் பிடியை விட, பொத்தான் மேலே எழும்பிவிடும். சமவெளியில் தண்ணீர் வற்றியபின் அந்தச் சூடு சில டிகிரிதான் ஏற வேண்டும். உதகையில் 93இலிருந்து ஏற வேண்டியிருப்பதால் ஈரமில்லாத அடிச்சோறு அதுவரை வறுபட்டுக்கொண்டே இருக்கிறது, காந்தல் அதனால்தான். மேலே உள்ள அரிசிக்கோ, குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் தேவைப்பட்டும், தண்ணீர் வற்றியவுடன் நேரம் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கருவியில் தண்ணீரைக் கூட்டுவது என்பது நேரத்தைக் கூட்டுவதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். அரிசியைக் களைந்து வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரமாவது ஊற வையுங்கள். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். அடுப்படிவாசி சொன்ன மூன்றுக்கு மேல் கால் கிண்ணம் சேர்த்து ஊற்றுங்கள். பொத்தான் எழும்பியதும் திறந்து பார்க்காமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் பருக்கைக்கு அந்த ஆவிதான் துணை.

கம்பிவடம்:
அப்படியானால் உதகையில் திறந்த பாத்திரத்தில் சோறே வேகாது என்கிறீர்களா? பனிக்காலத்தில் மின்னழுத்தமும் அங்கே குறையத்தான் செய்யும்.

தேயிலைமேடு:
வேகும். அரிசியின் மாவுப்பொருள் இளகத் தொடங்குவதற்கு 93 டிகிரி தேவையில்லை. பெரும்பாலான ரகங்களுக்கு 80க்குள்ளாகவே அது நடந்துவிடும். தண்ணீரும் சூடும் மணியின் நடுவரை போய்ச் சேர்வதுதான் தாமதமாகிறது. குக்கர் வருவதற்கு முன்பும் இந்த மலையில் மக்கள் சோறும் சாமையும் ஆக்கி உண்டுதான் வாழ்ந்தார்கள்.

உலைமூடி:
ஆக, உலையில் போட்டு வெந்ததைப் பார்த்து வடிக்க வேண்டும் என்று நான் முதலிலேயே சொன்னதுதான் கடைசியில் சரியாகிறது. மனிதர் கண்ணால் பார்த்து இறக்குவதற்கு ஈடு எந்தக் காந்தமும் ஆகாது. மலையோ சமவெளியோ, அது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

தேயிலைமேடு:
பதம் பார்த்து இறக்குவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கைந்து மடங்கு தண்ணீரை இந்தக் குளிரில் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, அதன்பின் புழுங்கல் அரிசியை 93 டிகிரியில் வேக வைக்க எரிவாயு எவ்வளவு செலவாகும் என்று இங்கே உருளை வாங்கிப் பார்த்தால் தெரியும். மலைவீட்டுக்கு என்னைக் கேட்டால் விசில் குக்கர்தான் சிறந்த வழி. அதன் குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு பங்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால், சமவெளியில் 120 டிகிரி வரை போகும் சூடு உதகையிலும் 116 வரை போய்விடும். அந்த நான்கு டிகிரியை ஓரிரு நிமிடம் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டிவிடலாம். வந்த விசிலை எண்ணுவதைவிட, முதல் விசிலுக்குப் பின் தணலைக் குறைத்துக் கடிகாரம் பார்ப்பது நம்பகமானது.

அரைப்படி:
ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால் எந்த ஊரிலும் எந்த அரிசியும் மெத்தென்று வெந்துவிடும். உணவகங்களில் நடப்பது அதுதான்.

சத்துக்கணக்கு:
தயவுசெய்து வேண்டாம். காரத்தன்மையில் தயமின் அழிந்துவிடும், சோறும் மஞ்சளாகி ஒருவிதச் சவர்க்காரச் சுவை வரும்.

நெல்வயல்:
தண்ணீரின் கடினத்தன்மையையும் யாராவது சொல்லிவிடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் துவரம்பருப்பை வேகவிடாமல் படுத்துவது உண்மை; அரிசியை அது அந்த அளவுக்குத் தொல்லை செய்யாது.

புதுக்குடித்தனம்:
தேயிலைமேடு சொன்னபடி வெந்நீர் கலந்து ஊற வைத்து, மூன்றேகால் கிண்ணம் ஊற்றினேன். நடுவரிசி இல்லை. அடியில் மெல்லிய பொருக்கு மட்டும் இருந்தது, அதை மாமனார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் ஊருக்குப் போகுமுன் ஐந்து லிட்டர் விசில் குக்கர் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அனைவருக்கும் நன்றி.

அடுப்படிவாசி:
மகிழ்ச்சி. ஆனால் ஊற வைத்தது, தண்ணீரைக் கூட்டியது இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டதால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் ஊற வைக்காமல், மூன்றேகால் கிண்ணம் தண்ணீரில் மட்டும் வைத்துப் பார்த்து எழுத முடியுமா?

உலைமூடி:
எழுத மாட்டார். வேலை முடிந்தது, போய்விட்டார்.

கம்பிவடம்:
புதுக்குடித்தனம் அவர்களே, மின்னழுத்தத்தை அளந்தீர்களா?

மன்னவனூரான்:
நான் கொடைக்கானல் பக்கம் இருக்கிறேன், இங்கும் இதே தொல்லைதான். என்னிடம் இருப்பது பச்சரிசி. இதற்கும் அந்த மூன்றேகால் கணக்கா?

தேயிலைமேடு:
வேண்டாம், குழைந்துவிடும். பச்சரிசிக்கு இரண்டேகாலில் தொடங்குங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறினால் போதும். பழைய அரிசியாக இருந்தால் இரண்டரை வரை போகலாம்.