அரசியல் வழியாக வரும் தூதருக்கு ஒரு சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

டீச்சர், சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் ஆறாம் படிவ மாணவர்களுக்குச் சனிக்கிழமை சொற்போர். தலைப்பு, அரசியல்வாதிகளைத் தூதராக அனுப்பலாமா என்பது. குறிப்புத்தாள் என் பொறுப்பு. பி.டி.டி. (நிர்வாக, அரசதந்திரச் சேவை) அதிகாரியாகச் சேர்ந்து விஸ்மா புத்ராவில், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சில், படிப்படியாக ஏறித் தூதராகிறவர் ஒரு வகை. அரசியலிலிருந்து நேரே போகிறவர் இன்னொரு வகை, 2023இல் வாஷிங்டனுக்குப் போன முன்னாள் அமைச்சர் நஸ்ரி அசிஸ் மாதிரி. இருவருக்கும் வத்திக்கா (நியமனக் கடிதம்) கொடுப்பவர் மாமன்னர்தான். பிள்ளைகள் இரண்டாவதை மலாயில் 'லந்திக்கான் பொலித்திக்' (அரசியல் நியமனம்) என்கிறார்கள், விட்டால் அப்படியே எழுதியும் வைப்பார்கள். இரண்டுக்கும் சொல் ஜோடியாகக் கிடைத்தால் நல்லது.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ:
பணிவழித் தூதர், அரசியல் நியமனத் தூதர். வேலை முடிந்தது டீச்சர்.

தமிழன்பன் ஐயா, தைப்பிங்:
எங்கே முடிந்தது? 'நியமனம்' வடசொல். 'அமர்த்தம்' இருக்கும்போது அது எதற்கு? 'கட்சியமர் தூதர்' என்க, சுருக்கமும் ஆயிற்று. அடுத்து 'தூது' என்பதே வடசொல் என்று ஒருவர் கிளம்புவார், அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: 'ஓதல் பகையே தூதுஇவை பிரிவே' என்று தொல்காப்பியம் தூதுக்காகப் பிரிவதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. செய்தியைத் தூவுகிறவன் தூதன். தூவு, தூவல், தூது, எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நம் பக்கம் தூவுவது செம்பனைக்கு உரம். வேரை விடுங்கள், 'கட்சி' என்பதே இங்கே பொருந்தவில்லை. அமெரிக்காவில் பல காலமாகப் பத்துக்கு மூன்று தூதர் பதவி இப்படி வெளியாட்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர், அதிபரின் நண்பர், பேராசிரியர் எல்லாரும் அதில் அடக்கம். 1961இல் டெல்லிக்கு வந்த கால்பிரெய்த் பொருளாதார அறிஞர். 1974இல் கானாவுக்குப் போன ஷெர்லி டெம்பிள் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர். அதிபர் பெயரை முன்மொழிவார், செனட் சம்மதிக்க வேண்டும், அது எல்லாருக்கும் பொது. நன்கொடையைத் தகுதியாகக் கருதக்கூடாது என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, இருந்தும் நடப்பது நமக்குத் தெரியும். இவர்களையெல்லாம் 'கட்சியமர்' என்று எப்படிக் கட்டுவது?

பழைய கிராணி (தோட்ட எழுத்தர்), சுங்கை சிப்புட்:
அகராதி எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் வெளிக்காட்டு மண்டோராக இருந்து, செக்ரோல் (வேலைக்கு வந்தவர் பதிவேடு) எழுதிப் பழகி, தலை நரைத்தபின் கிராணியானவர் உண்டு. துரைக்கு வேண்டியவர் என்று வந்த அன்றே பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்தவரும் உண்டு. அவருக்கு எங்கள் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) 'மேலிடத்து ஆள்' என்று பெயர். 'மேலிடத் தூதர்' என்று போடுங்கள், எல்லாருக்கும் விளங்கும். நம்ம ஊர் டத்தோ சாமிவேலுவும் அப்படித்தானே இந்தியாவுக்குத் தூதராகப் போனார்?

மொழிபெயர்ப்பாளர்:
அண்ணே, அவர் தூதரகத்தை நடத்தும் தூதர் இல்லை. 1974 முதல் 2008 வரை உங்கள் ஊர் எம்.பி. 2011இல் கொடுத்தது இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்கும் உள்கட்டமைப்புச் சிறப்புத் தூதர் பதவி. டெல்லியில் நம் ஹை கமிஷனர் (காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதருக்கு அதுதான் பெயர்) தனியாக இருந்தார். 'மேலிடத் தூதர்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் கிண்டல் ஒட்டியிருக்கிறது. ஆதரித்துப் பேசும் அணி பாவம் இல்லையா?

முனைவர்பட்ட மாணவர், தஞ்சோங் மாலிம்:
திருக்குறள் உரையில் பரிமேலழகர் தூதரை முன்பே இரண்டாகப் பிரித்துவிட்டாரே. தான் வகுத்துக் கூறுவான், அதாவது தானே யோசித்துப் பேசுகிறவன்; கூறியது கூறுவான், அதாவது சொல்லி அனுப்பியதை மட்டும் சொல்கிறவன். அந்தச் சொற்களையே எடுத்தால் என்ன? தொண்டைமானிடம் போன ஔவையார் முதல் வகை. அதியமான் அவரை என்ன தேர்வு வைத்தா அனுப்பினான்!

டீச்சர்:
தம்பி, அது தூதருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற பிரிவு. எனக்கு வேண்டியது வந்த வழி. ஔவையார் எடுத்துக்காட்டை மட்டும் ஆதரிக்கும் அணிக்குக் கொடுத்துவிட்டேன், நன்றி.

முனைவர்பட்ட மாணவர்:
அப்படியானால் துறைசார் தூதர், துறைசாராத் தூதர். 1949இல் இந்தியத் தூதராக மாஸ்கோவுக்குப் போன தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணனும் இரண்டாவதில் அடங்குவார், அவரைக் கட்சிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழன்பன் ஐயா:
'துறைசாரா' என்றால் ஒன்றும் தெரியாதவர் என்று தொனிக்கிறது. 'துறைப்புறத் தூதர்' என்க.

பழைய கிராணி:
துறைப்புறமா? படகுத்துறையா?

டீச்சர்:
போதும் ஐயா. தாள் இன்று மாலை போட்டோஸ்டேட் கடைக்குப் போகிறது. எண்ணிப் பார்த்தால் குறை குறைவாக வந்தது 'அரசியல் நியமனத் தூதர்' மேல்தான், அதையே போடுகிறேன். தம்பியின் 'துறைசாராத் தூதர்' அடிக்குறிப்பில் வரும். இன்னொன்று: ஒரு நாடு தூதரை அனுப்பும் முன்பே ஏற்கும் நாட்டிடம் சம்மதம் வாங்க வேண்டும், 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு. மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தச் சம்மதத்துக்கு 'முன்னிசைவு' என்று போட்டிருக்கிறேன், சரிதானே?

தமிழன்பன் ஐயா:
'நியமனம்' பற்றிய என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். 'முன்னிசைவு' புணர்ச்சி சரி, பொருள் போதாது. 'ஏற்பிசைவு' என்க. ஏன் என்று இரவு விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர், அதற்குள் அச்சடித்துவிடுங்கள்.