புதுப்பிப்பு: பஸ்ஸில் பத்து நிமிடத்துக்கு ஒரு மறைபொருள் விளையாட்டு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ். உட்கார இடம் கிடைத்த பிறகு கொஞ்ச நேரம் போனில் ஆட, படத்தில் ஒளிந்திருக்கும் பொருள்களைத் தேடும் விளையாட்டு வேண்டும்; அதில் நேரக்கணக்கும், ஆட்டத்துக்கான 'எனர்ஜி' தீர்ந்துபோய் அது மறுபடி நிரம்பும்வரை காத்திருப்பதும் இருக்கக் கூடாது.

முதலில் நான் ஏற்கெனவே ஆடிவந்த விளையாட்டையே ஏரோபிளேன் மோடில் போட்டுப் பார்த்தேன். நெட் இல்லாமல் திறக்கவே இல்லை.

கைகொடுத்தது உங்களில் ஒருவர் சொன்ன 'ஹிடன் ஃபோக்ஸ்' என்ற விளையாட்டுதான். 2017-இல் வந்தது, ஒருமுறை காசு கட்டினால் போதும். கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கடிகாரம் கிடையாது. தேட வேண்டிய பொருள்கள் திரையின் கீழே வரிசையாக இருக்கும்; அதில் ஒன்றைத் தொட்டால் ஒரு குறிப்பு வரும். வழியில் முள்ளோடையில் மூடிவிட்டு அரியாங்குப்பத்தில் திறந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

எதிர்பாராதது சத்தம். எல்லாமே மனிதர் வாயால் எழுப்பிய ஒலி! ஒரு புதரைத் தொட்டதும் வந்த சரசரப்புக்குப் பக்கத்து சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். இயர்போன் போட்டு ஆடினால் இன்னும் அருமை.

ஒன்று மட்டும்: இதில் கொலை, துப்பறிதல் என்று கதை இல்லை. கதை வேண்டுமென்றால் இன்னொருவர் சொன்ன 'ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி' நிறுவனத்தின் விளையாட்டுகள் பக்கம் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வைத்திருக்கிறேன்.