நேப்பியர் பாலம் பழசா புதுசா? மெட்ராஸ்ல ஷூட்டிங்குக்கு இடமே இல்லையாம்!

கூவக்கரை குமாரு:
நேத்து ஒரு ஷார்ட் ஃபிலிம் பையன் வீடியோ போட்டிருக்கான். "சென்னையில கேமராவ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒயரும் பேனரும்தான், அழகா ஒரு ஃப்ரேம் கெடைக்காது, கடலோர ஊர் வேணும்னா பாண்டிச்சேரி இல்லன்னா வைசாக் போயிடுங்க"ன்றான். பாத்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. டேய் தம்பி, 1869ல நேப்பியர் பிரபு கவர்னரா இருந்தப்ப கட்டின பாலம் இன்னிக்கும் கம்பீரமா நிக்குது, ஒரு பக்கம் கூவம் கடல்ல சேர்ற முகத்துவாரம், இந்தாண்ட கோட்டை, அந்தாண்ட செனட் ஹவுஸ். இத்தன வருஷ சரித்திரம் ஒரே ஷாட்ல. வைசாக்ல இருக்கா இது?

புதுவைப் பிரியன்:
பையன் சொன்னதுல என்ன தப்பு? பாண்டில ஒயிட் டவுன்ல எந்தத் தெருவுல நின்னாலும் மஞ்சச் சுவரு, போகன்வில்லா, தெருக்கோடில கடல். லைஃப் ஆஃப் பை எடுக்க ஆங் லீ எங்க வந்தாரு? பாண்டிச்சேரி பொட்டானிக்கல் கார்டனத்தான் படத்துல ஜூவா மாத்தினாங்க. உங்க கூவத்துக்கு ஏன் வரல? கேமராவுக்கு மூக்கு இல்லாததுனால தப்பிச்சீங்க.

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
பாண்டி ஆளு கூட அப்புறம் பேசிக்கலாம். குமாரு சார், 1869 பாலம் எங்க நிக்குது? கொஞ்சம் காட்டுங்களேன், நானும் போய் செல்ஃபி எடுத்துக்கறேன். 1869ல கட்டினது இரும்புப் பாலம். எங்க வீட்டுப் பெரியவங்க கடைசி வரைக்கும் அயர்ன் பிரிட்ஜ்னுதான் சொல்லுவாங்க. இப்ப நீங்க கம்பீரம் கம்பீரம்னு உருகறது 1943ல கான்கிரீட்ல கட்டின வில் வளைவு. அதுவும் பாதிதான். பக்கத்துல இருக்கற ஜோடிப் பாலம் 1999 வாக்குல பழசப் பாத்து அதே மாதிரி போட்டது. சரித்திரமாம் சரித்திரம்.

கூவக்கரை குமாரு:
அடேங்கப்பா, வந்துட்டாருய்யா நக்கீரன். பேரு நேப்பியர் பாலம், நேப்பியர் கவர்னரா இருந்தது 1866லேர்ந்து 1872 வரைக்கும். 1943ல அவரு ஆவியா வந்து திறந்து வெச்சாரா?

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
ஜெமினி ஃப்ளைஓவர்னு கூப்பிடறோம், அதனால அத ஜெமினி ஸ்டுடியோக்காரங்க கட்டினாங்களா? 1973ல அரசாங்கம் கட்டின பாலம் அது. பேரு வேற கட்டடம் வேற. 1943.

லொகேஷன் தம்பி:
அண்ணங்களா ஒரு சின்ன சந்தேகம், நீங்க இடத்தச் சொல்றீங்களா கட்டடத்தச் சொல்றீங்களா? பாலம் இருக்கற இடம் 1869லேர்ந்து அதேதான், மேல நிக்கறது 1943. அப்ப ரெண்டு பேரும் சொல்றது சரிதானே? அப்புறம் "அழகான லொகேஷன்"னா என்னன்னும் யாரும் சொல்லல. நான் அசிஸ்டென்ட் டைரக்டரா இருக்கேன், எங்களுக்கு அழகுன்னா பர்மிஷன் கெடைக்கணும், கேரவன் நிறுத்த இடம் வேணும், ஜெனரேட்டர் சத்தம்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது, அவ்ளோதான். மெரினாவுல காலைல ஆறு மணிக்கு வாக்கிங் போறவங்கள ஃப்ரேம விட்டு நகத்தறதுக்குள்ள உசுரு போயிடும், ஒரு மாமா கைய வீசிக்கிட்டு நேரா கேமராவுக்குள்ளயே வந்து "என்ன படம், ஹீரோ யாரு"ம்பாரு.

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
தம்பி பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத. குமாரு சார் பதில் சொல்லட்டும். 1943ஆ இல்லையா?

காசிமேட்டுக்காரன்:
மூணு நாலு பேரு சேந்து ஒரு பாலத்தப் புடிச்சிக்கினு தொங்கறீங்க. கடலோர ஊருன்னா மெரினா, பெசன்ட் நகர் மட்டும்தானா? எங்க ராயபுரம் ஸ்டேஷன் 1856ல திறந்தது, தென்னிந்தியாவுல மொத ரயிலு அங்கேர்ந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. அந்தத் தூண் வரிசைய ஒரு நாளாச்சும் நேருல பாத்திருக்கீங்களா? எங்க ஏரியாவுக்கு கேமரா வந்துச்சுன்னா ஒண்ணு லுங்கி கட்டின ரவுடி, இல்லன்னா மீன் மார்க்கெட்ல வெட்டுக்குத்து. போன தபா ஒரு யூனிட் வந்து, விடிகாலைல ஏலம் ஓடிக்கினு இருக்கு, கூடை கூடையா சங்கரா எறங்குது, ஐஸ் ஒடைக்கிற மிஷின் ஓடுது, அந்த நேரத்துல மேனேஜர் வந்து "அந்த நீல வலைய ஓரமா போடுங்க, கலர் ஃப்ரேம்ல உறுத்துது"ன்றான். மீன் பேரு தெரியாதவன்லாம் மீனவன் படம் எடுக்கறான்.

புதுவைப் பிரியன்:
அப்ப நீங்களே ஒத்துக்கறீங்க, ஷூட்டிங்குக்கு தோதான ஊரு இல்லன்னு.

காசிமேட்டுக்காரன்:
நான் எப்ப ஒத்துக்கினேன்? நாலு தெரு மஞ்ச பெயின்ட வெச்சிக்கினு ரொம்ப ஆடாத.

கூவக்கரை குமாரு:
காசிமேட்டு அண்ணன் சொல்றது கரெக்ட். சீனுக்கு ஒரு கேள்வி. 2004ல வந்த ஆயுத எழுத்துல மாதவன் சூர்யாவ சுடுவாரே, அந்த சீன் எந்தப் பாலத்துல? நம்ம நேப்பியர்ல. அதே சீன இந்தியில எடுக்க கல்கத்தாவுல ஹூக்ளி மேல இருக்கற அவ்ளோ பெரிய பாலத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. ஹூக்ளி பாலத்துக்கு சமமா நின்னுச்சுய்யா நம்ம 1869 பாலம்!

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
மறுபடியும் 1869ஆ! சார் நீங்களே வந்து மாட்டிக்கிட்டீங்க. 2004ல அங்க ரெண்டு பாலம் இருக்கு, சரியா, ஒண்ணு 1943, இன்னொண்ணு 1999, அப்ப சூர்யா விழுந்தது எந்தப் பாலத்துல, புதுசுலன்னா உங்க சரித்திரம் அஞ்சு வருஷ சரித்திரம், பழசுலன்னாலும் 1943தான், எப்படிப் பாத்தாலும் 1869 வராது, இது கூட புரியாம ஊரு பெருமை பேச வந்துட்டீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஹைகோர்ட் கலங்கரை விளக்கத்தப் பத்தி பேசினப்பவும் இதே கூத்துதான், 1894லேர்ந்து ஹைகோர்ட் கோபுரத்து மேலதான் விளக்கு எரிஞ்சுது, இப்ப பீச்ல இருக்கற லைட்ஹவுஸ் எழுபதுகள்ல வந்ததுன்னு நான் சொன்னப்ப யாரு சிரிச்சீங்க? நான் மறக்கல.

திருவான்மியூர் அக்கா:
ரெண்டு வருஷமா மனசுல வெச்சிட்டு இருக்கீங்களா சீனு? அடேங்கப்பா. சரி, பெசன்ட் நகர் ஷ்மிட் மெமோரியல விட்டுட்டீங்களே? கடல்ல மத்தவங்களக் காப்பாத்தப் போய் 1930ல முழுகிப் போன டேனிஷ்காரருக்கு வெச்ச நினைவுச் சின்னம். எத்தன டூயட்டுக்கு அது முன்னாடி ஆடியிருப்பாங்க, ஒரு உயிர் போன இடம்னு ஒரு டான்ஸ் மாஸ்டருக்காவது தெரிஞ்சிருக்குமா?

லொகேஷன் தம்பி:
அதுல ஒரு தமாஷ் அக்கா. நம்ம கடல் கிழக்குப் பக்கம், சூரியன் கடல்லேர்ந்து எழும்புமே தவிர கடல்ல விழாது. சாயங்காலம் சூரியன் கடல்ல மறையற மாதிரி காதல் சீன் எடுக்கணும்னா விடிகாலைலயே ஹீரோயினுக்கு மேக்கப் போட்டு காலை வெளிச்சத்த மாலைன்னு சொல்லி ஓட்டிடலாம். பாண்டி, வைசாக் போனாலும் இதே கதைதான், எல்லாம் ஒரே வங்காள விரிகுடா.

புதுவைப் பிரியன்:
சூரியன் ஒண்ணுதான் தம்பி, குப்பை ஒண்ணு இல்ல.

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
பேச்ச மாத்தாதீங்க எல்லாரும். ஷ்மிட், சூரியன், சங்கரா எல்லாம் இருக்கட்டும். குமாரு இன்னும் பதில் சொல்லல.

கூவக்கரை குமாரு:
என்னத்த சொல்லணும்? 2022ல செஸ் ஒலிம்பியாடுக்கு அந்தப் பாலத்துக்கு கறுப்பு வெள்ளை கட்டம் அடிச்சாங்க. உங்க கணக்குப்படி அது 2022 பாலமா? பெயின்ட் அடிச்சா வயசு மாறிடுமா?

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
பெயின்ட்டும் கான்கிரீட்டும் ஒண்ணுன்னு சொல்ற ஆளுகிட்ட எவன் பேசுவான்? இரும்ப எடுத்துட்டு கான்கிரீட் போட்டது பெயின்ட் அடிச்ச மாதிரியா? வாட்ஸப்ல படிச்சிட்டு வந்து வரலாறு பேசினா இப்படித்தான் ஆகும்.

காசிமேட்டுக்காரன்:
ஏன்பா ராயபுரம் ஸ்டேஷனப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்த பேசல பாத்தீங்களா? இதான் உங்க புத்தி. தெக்கால இருக்கறவன் கண்ணுக்கு ஊரு சென்ட்ரலோட முடிஞ்சிடும்.

திருவான்மியூர் அக்கா:
நான் தெக்கு, நான் பேசறேன். அந்த ஸ்டேஷன் நிஜமாவே அழகு. ஆனா அங்க ஷூட்டிங்னா ரயில்வேகிட்ட பர்மிஷன் வாங்கணுமே.

காசிமேட்டுக்காரன்:
சென்ட்ரல்ல மட்டும் யாரு கொடுக்கறா, மாநகராட்சியா?

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
கடைசியா கேக்கறேன். ஆயுத எழுத்து சீன நிறுத்தி நிறுத்திப் பாத்து சூர்யா எந்தப் பாலத்துல இருக்காருன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, குறி போட்டு.

கூவக்கரை குமாரு:
நீங்கதானே பெரிய ஆராய்ச்சியாளரு, நீங்க போடுங்க.

சிந்தாதிரிப்பேட்டை சீனு:
1869ன்னு சொன்னது நீங்க. நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். 1943.