ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் மிட்டர்மில் 52. டிராப் செய்வதா, தொடர்வதா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஸ்டேட் போர்டில் படித்துவிட்டு இந்த ஆகஸ்டில்தான் அமெரிக்காவுக்கு பேச்சலர்ஸ் படிக்க வந்தேன், பயோகெமிஸ்ட்ரி மேஜர். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் 97. இங்கே ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் மிட்டர்மில் (செமஸ்டர் நடுவில் வைக்கும் தேர்வு) 52 வந்திருக்கிறது, வகுப்புச் சராசரி 55. மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

படிக்காமல் போகவில்லை. நான்கு பாடத்தையும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனால் ஒரு கேள்விகூடப் படித்த உருவத்தில் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1.00 மோலார் (செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லியும் அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லியும் கலந்தால் வெப்பநிலை 6.7 டிகிரி ஏறுகிறது, இரண்டையும் 100 மில்லியாக எடுத்தால் எவ்வளவு ஏறும் என்று கேட்டிருந்தார்கள். நான் 13.4 என்று எழுதினேன். அது தப்பாம்.

மூன்று மிட்டர்ம் தலா 15 சதவீதம், ஃபைனல் 25, லேப் 20, ஹோம்வொர்க் 10. 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி, 70-க்கு மேல் சி. லேபிலும் பியூரெட் (திரவம் அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) ரீடிங்கை 24.3 என்று எழுதியதற்கு மார்க் கழித்துவிட்டார்கள், பிளஸ் டூவில் அப்படித்தானே எழுதினோம்? கர்வ் போடுவார்கள் (வகுப்பு மார்க்கைப் பார்த்து கிரேடைத் தளர்த்துவார்கள்) என்று சில பேர் சொல்கிறார்கள், நம்பலாமா? இல்லை, இந்த கோர்ஸை இப்போதே டிராப் செய்துவிட்டு (பாதியில் விட்டுவிட்டு) அடுத்த செமஸ்டரில் எடுக்கட்டுமா? மொத்தம் 14 கிரெடிட் எடுத்திருக்கிறேன், இது 4. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பியூரெட்

தங்கச்சி, நான் இங்கே கெமிஸ்ட்ரி பிஎச்.டி. செய்கிறேன், நான்கு வருடமாக ஜெனரல் கெமிஸ்ட்ரி லேபுக்கு டி.ஏ. (உதவி ஆசிரியர்). 52-ஐ பிளஸ் டூ கண்ணோடு பார்க்காதே. சராசரியே 55 என்றால் நீ வகுப்பின் நடுவில்தான் இருக்கிறாய். நடுவில் இருப்பது உனக்குப் பழக்கமில்லை, அதுதான் இவ்வளவு வலிக்கிறது.

முதலில் அந்த 6.7 டிகிரி கேள்வி. அளவை இரண்டு மடங்காக்கினால் வெளிவரும் வெப்பமும் இரண்டு மடங்கு, அதை வாங்கிக்கொள்ளும் கரைசலும் இரண்டு மடங்கு. ஆக வெப்பநிலை அதே 6.7 டிகிரிதான் ஏறும். இந்தக் கேள்விக்குக் கால்குலேட்டரே தேவையில்லை. நீ சூத்திரத்தைத் தெரிந்து வைத்திருக்கிறாய், ஆனால் அதில் எது மாறுகிறது எது மாறவில்லை என்று யோசிக்கும் பழக்கம் நமக்குப் பள்ளியில் வரவில்லை. புக் பேக் கேள்விகளை நூறு முறை எழுதிப் பார்த்து வந்தவர்கள் நாம், நானும் அப்படித்தான் வந்தேன். இங்கே அதே கணக்கைத் திரும்பப் போடுவதில் பெரிய பயன் இல்லை. ஒரு கணக்கை முடித்ததும் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, விடை கூடுமா குறையுமா என்று கணக்குப் போடாமலேயே சொல்லிப் பார். ஒரு மாதம் இதைச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சிலபஸ். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடங்களின் பட்டியல். இங்கே அது ஆசிரியருக்கும் உனக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம் மாதிரி. அதில் மூன்று விஷயங்களைத் தேடு: ஃபைனல் மார்க் நல்லாயிருந்தால் குறைந்த மிட்டர்முக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்வார்களா, லேபில் ஃபெயில் ஆனால் மொத்தக் கோர்ஸும் ஃபெயிலா, திருத்தியதில் தவறு இருந்தால் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும். கர்வ் பற்றி அதில் எழுதியிருந்தால் நம்பு. எழுதாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள், கடைசியில் போட்டால் லாபம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 52 வாங்கிய மிட்டர்ம் உனக்கு 7.8 தருகிறது, இழந்தது 7.2. இனி வரும் இரண்டிலும் 78, ஃபைனலில் 80, லேபில் 92, ஹோம்வொர்க்கில் 95 வாங்கினால் மொத்தம் 79.1, பி-க்கு ஒரு மார்க் கிட்டத்தில் நின்றுவிடும். ஃபைனல் மார்க்கை மாற்றிக்கொள்ளும் விதி இருந்தால் அதே உழைப்புக்கு 83.3. ஒரு வரி விதிக்கு இவ்வளவு வித்தியாசம், அதனால்தான் சிலபஸைப் படி என்கிறேன்.

லேப் மார்க் கழித்தது சரிதான். 50 மில்லி பியூரெட்டில் கோடுகள் 0.1 மில்லிக்கு ஒன்று, இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ளதைக் கண்ணால் கணித்து 0.01 வரை எழுத வேண்டும். 24.3 வேறு, 24.30 வேறு. 25.00 மில்லி அமிலத்துக்கு 0.1025 மோலார் காரம் 24.30 மில்லி செலவானால் அமிலம் 0.09963 மோலார் என்று நான்கு இலக்கத்தில் சொல்லலாம். 24.3 என்று எழுதினால் மூன்று இலக்கத்தோடு நிறுத்த வேண்டும், நல்ல கருவியில் அளந்ததை நீயே வீணாக்குகிறாய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் விடை வராவிட்டால் ரீடிங்கைத் திருத்தி எழுதுவது சில பேருக்குப் பழக்கம். இங்கே அதைச் செய்யவே செய்யாதே. தப்பான ரீடிங்கை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுது. விடை விலகிப் போனால் போவது சில மார்க், ரீடிங்கை இட்டுக்கட்டினால் அது நேர்மைக் குற்றம், விஷயம் டீன் அலுவலகம் வரை போகும். டேட்டாவை லேப் பார்ட்னரோடு பகிர்ந்துகொள்ளலாம். ரிப்போர்ட் நீயே தனியாக எழுது.

பழைய_எஃப்1

டிராப் பட்டனைத் தொடுவதற்கு முன் நில்லுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. 14-இல் 4 போனால் 10, ஸ்டேட்டஸ் பிரச்சினை வரும். அட்வைசர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லை, தப்பான லெவல் கோர்ஸில் சேர்ந்துவிட்டேன் என்பதெல்லாம் அந்த அனுமதிக்கு விதியிலேயே உள்ள காரணங்கள்தான், ஆனால் டிராப் செய்த பிறகு போய் நின்றால் உதவாது.

நான் என் முதல் செமஸ்டரில் அனுமதி வாங்கித்தான் கெமிஸ்ட்ரியை டிராப் செய்தேன். மார்க் ஷீட்டில் W (கோர்ஸை விட்டுவிட்டார் என்ற குறி) என்று விழுந்தது, ஜி.பி.ஏ.வில் (கிரேடு சராசரியில்) சேரவில்லை. அடுத்த முறை நிதானமாக எடுத்து பி வாங்கினேன். ஆக டிராப் செய்வது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அப்போது 31, சராசரி 60-க்கு மேல். உங்கள் நிலைமை அப்படி இல்லை.

டெக்சாஸ்_அம்மா

கண்ணு, என் மகளும் இந்த கோர்ஸில் அழுதவள்தான், அதனால் எழுதுகிறேன். அவளுக்கும் முதல் தேர்வில் ஐம்பது சொச்சம். ஆபீஸ் அவர்ஸுக்கு (பேராசிரியரைப் பார்த்துச் சந்தேகம் கேட்கும் நேரம்) போ என்று சொன்னால் "கேள்வி கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்கள்" என்று போகவே மாட்டாள். கடைசியில் திருத்திய விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள், பேராசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு தப்பையும் பார்த்தாராம். "எனக்குப் புரியவில்லை" என்று மொட்டையாகப் போய் நிற்காமல், இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கே மாட்டிக்கொண்டேன் என்று காட்டு.

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. 1974-இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நீ எழுதிக் கொடுக்காமல் பேராசிரியர் பொதுவாக உன் மார்க்கை அவரிடம் பேச மாட்டார். அதனால் இதை மறைப்பது சுலபம், அதனாலேயே நீ தனியாக இருந்து வேகிறாய். நாங்கள் பெற்றவர்கள் முதல் ஐந்து நிமிஷம் கத்துவோம், அப்புறம் உன்னோடு உட்கார்ந்து யோசிப்போம்.

வைகைக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 12 கிரெடிட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே டிராப் செய்வதாக இருந்தேன். சிலபஸ் 11 பக்கம், இப்போதுதான் முழுசாகப் படித்தேன். ஃபைனல் மார்க்கைக் குறைந்த மிட்டர்முக்குப் பதிலாக வைப்பார்களாம்! லேபில் 60-க்குக் கீழே போனால் கோர்ஸே எஃப். அடுத்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்க இதில் சி வேண்டும், சி மைனஸ் செல்லாதாம். டிராப் செய்யவில்லை. அப்பாவிடமும் பேசினேன், கத்தவே இல்லை ஆண்டி.

அண்ணா, ஃபைனல் ஏ.சி.எஸ். தேர்வு என்று போட்டிருக்கிறது, அது என்ன?

பியூரெட்

அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி பெயரில் வரும் பொதுத்தேர்வு, பல கல்லூரிகளில் ஃபைனலாக வைக்கிறார்கள். முழு வருடப் பாடத்துக்கான தாளில் 70 கேள்வி, 110 நிமிஷம், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், அதனால் கடிகாரம் வைத்துப் பழகு. நீட் மாதிரி நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதே. ஏ.சி.எஸ். படிப்புக் கையேடு லைப்ரரியில் இருக்கும், மற்றவர்கள் எடுப்பதற்குள் இந்த வாரமே போய்ப் பார். உன் பேராசிரியர் அந்த மார்க்கை எப்படிச் சதவீதமாக மாற்றுவார் என்று ஆபீஸ் அவர்ஸில் கேட்டுக்கொள், சிலர் பெர்சென்டைலை (எத்தனை சதவீதம் பேரை முந்தினாய் என்பதை) பார்த்துப் போடுவார்கள், சிலர் 70-க்கு இத்தனை என்று நேரடியாகவே.