புதுப்பிப்பு: பாளையங்கோட்டை வீட்டு லினக்ஸ் ரவுட்டர், சில தளங்கள் மட்டும் திறக்காத கோளாறு

முன்பு கேட்டிருந்தது இதுதான்: பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, ஃபைபர் இணைப்பை அதில் வாங்கி, எங்கள் வீட்டுக்கும் மாடியில் சித்தப்பா வீட்டுக்கும் பகிர்கிறேன். ரவுட்டரில் எல்லாத் தளமும் திறக்கிறது. மற்ற கணினிகளில் சில மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடுவது), ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வரும் தரவை மறுபக்கம் கடத்துவது) இரண்டையும் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டும் சரி. ஒரே இணைய முகவரியை எல்லாக் கணினிக்கும் பகிரும் நாட் படுத்திருந்தால் ஒரு தளமும் வராதே.

சிக்கல் பாக்கெட் அளவில், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் பொதியின் அளவில். ஈத்தர்நெட் கம்பியில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட் வரை போகும். அதில், ஃபைபர் இணைப்புக்குள் நுழையப் பயன்படும் பிபிபிஓஇ முறை 8 பைட் எடுத்துக்கொள்ள, மிச்சம் 1492. ரவுட்டருக்கு இது தெரியும், சித்தப்பாவின் லேப்டாப்புக்குத் தெரியாது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் (சோதனைப் பாக்கெட்) விட்டால் 1464 போகிறது, 1472 போகவில்லை; தலைப்புக்கான 28 பைட்டைச் சேர்த்தால் அவை 1492, 1500.

பெரிய பாக்கெட் நுழையாதபோது, அதை அனுப்பிய தளத்துக்கு ‘சின்னதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) திரும்ப வேண்டும். வழியில் ஒரு ஃபயர்வால் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவிட்டால் அந்தத் தளத்துக்கு விவரமே போகாது; பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும், பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பாதுகாப்பு என்று சொல்லி இப்படிப் பூட்டுகிறவர்களை என்ன சொல்ல!

தீர்வு, லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒரே விதி: ரவுட்டர் வழியாகக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்ட் சங்கிலியில், இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டின் எம்எஸ்எஸ் மதிப்பை (தலைப்பு நீங்கலாக ஒரு பாக்கெட்டில் வரலாம் என்று சொல்லும் தரவு அளவு) பாதையின் எம்டியுவுக்கு (பாதை தாங்கும் பெரிய பாக்கெட் அளவு) ஏற்பக் குறைப்பது. 1460 என்று கிளம்புவது 1452 ஆகிவிடும். போட்ட கையோடு மாடியிலிருந்து சத்தம்: “ஏல, பேங்க் பக்கம் வந்துட்டுல!”

அப்புறம், விதியைச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் காணாமல் போகும். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் அது அடிக்கடி நடக்கும்.