டைகுளோரோமீத்தேன் முனைவுள்ளதா? தாளில் குளோரின் இரண்டும் எதிரெதிரேதானே இருக்கிறது!

உட்லண்ட்ஸ் அப்பா:
வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் ஜூனியர் காலேஜ் முதலாண்டு, எச்2 என்கிற மேல்நிலைப் பாடமாக வேதியியல் எடுக்கிறாள். போன வாரத் தேர்வில் டைகுளோரோமீத்தேன் முனைவற்றது, அதாவது மின்னேற்றம் எந்தப் பக்கமும் சாயாதது என்று எழுதியதில் மதிப்பெண் போய்விட்டது. அவள் வரைந்ததைப் பார்த்தேன். நடுவில் கார்பன், மேலும் கீழும் குளோரின், இடமும் வலமும் ஹைட்ரஜன். மேலே ஒன்று இழுக்கிறது, கீழே ஒன்று இழுக்கிறது, இரண்டும் சரிக்குச் சரி என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நான் ஊரில் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவன். தமிழில் யாராவது விளக்கினால் ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன்.

ஜூரோங் ஷிஃப்ட்:
அண்ணே, முனைவுள்ளதுதான். கார்பனைச் சுற்றி நான்கு பிணைப்பு, தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) எதுவும் இல்லை. அப்போ வடிவம் நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்டது), கோணம் ஏறத்தாழ 109.5 பாகை. தாளில் தெரிகிற 90, 180 எல்லாம் வரைகிற வசதிக்காகத்தான்.

ஈசூன் டியூஷன் டீச்சர்:
சார், இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரையும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். நான்கு சாத்தே குச்சி (இறைச்சி கோத்து வாட்டும் மூங்கில் குச்சி), கொஞ்சம் களிமண். குச்சிகளை 12 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். நடுவில் சின்னக் களிமண் உருண்டை. ஒரு குச்சி நேர் மேலே, மற்ற மூன்றும் சம இடைவெளியில் கீழ்நோக்கி விரிந்து நிற்கட்டும். கோணம் சரியாக அமைந்தால் கீழ்க்குச்சி ஒவ்வொன்றின் நுனியும் உருண்டையின் நடுவைவிட 4 செ.மீ. தாழ்ந்திருக்கும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு நுனியிலும் குளோரினுக்குப் பச்சைக் களிமண் வைத்தால் கார்பன் டெட்ராகுளோரைடு. மேலே 12, கீழே மூன்று நான்கு பன்னிரண்டு. பக்கவாட்டு இழுப்பும் தங்களுக்குள் அடிபட்டுப்போகும். மிச்சம் ஒன்றுமில்லை, அதனால்தான் அது முனைவற்றது.

இப்போது இரண்டு பச்சையை எடுத்துவிட்டு ஹைட்ரஜனுக்கு வெள்ளை வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சை இரண்டும் அடுத்தடுத்தேதான் நிற்கும். எதிரெதிரே நிற்க அங்கே இடமே கிடையாது. எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பு எலக்ட்ரானை இழுக்கும் பலம், குளோரினுக்கு 3.16, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20. எலக்ட்ரான் மேகம் பச்சைப் பக்கம் சாய்கிறது. முனைவு எவ்வளவு என்று காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.6 டிபை (அதற்கான அலகு).

மகள் வரைந்த மாதிரி மூலக்கூறு சதுரமாக இருந்தால் குளோரின் எதிரெதிரே உள்ளது, அடுத்தடுத்து உள்ளது என்று டைகுளோரோமீத்தேனில் இரண்டு வகை இருந்தாக வேண்டும். ஒரே ஒரு வகைதான் உண்டு. 1874இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் கார்பன் நான்முகி என்று சொன்னதற்கு இப்படிப்பட்ட கணக்குத்தான் அடிப்படை. எலக்ட்ரானையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை! பாடக்குறிப்பில் இது வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உட்லண்ட்ஸ் அப்பா:
ரொம்ப நன்றி டீச்சர். செய்து பார்த்தோம், நான்கு செ.மீ. அப்படியே வந்தது. அவள் உடனே இன்னொன்று கேட்டாள். அம்மோனியாவின் திருப்புத்திறன் 1.47, நைட்ரஜன் டிரைஃபுளூரைடுக்கு வெறும் 0.23. ஃபுளூரின்தானே பலமாக இழுக்கும்? வடிவமும் இரண்டுக்கும் ஒன்றுதானே?

ஈசூன் டியூஷன் டீச்சர்:
நல்ல கேள்வி, அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இரண்டும் முக்கோணப் பிரமிடுதான். கவர்திறன் வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்றுதான்: நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 0.84, நைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் 0.94. மாறுவது திசை. அம்மோனியாவில் மூன்று பிணைப்பும் எலக்ட்ரானை நைட்ரஜன் பக்கம் தள்ளுகின்றன. உச்சியில் இருக்கும் தனித்த இரட்டையும் அதே பக்கம், எல்லாம் கூடிக்கொள்கிறது. நைட்ரஜன் டிரைஃபுளூரைடில் ஃபுளூரின்கள் கீழே இழுக்க, தனித்த இரட்டை மேலே நிற்கிறது. ஒன்றை ஒன்று பெரும்பாலும் அழித்துவிடுகிறது. அந்த மாதிரியிலேயே மேல்குச்சியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தனித்த இரட்டைக்கு ஒரு பெரிய களிமண் உருண்டை வைத்து, அம்புக்குறிகளை அவளையே போடச் சொல்லுங்கள்.

ஜூரோங் ஷிஃப்ட்:
அண்ணே, இன்னொன்றும் சொல்லிவையுங்கள். முனைவுள்ளது என்றாலே கொதிநிலை அதிகம் என்று எழுதிவிடப் போகிறாள். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும். முனைவே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 77 ஆகும். அதில் எலக்ட்ரான்கள் அதிகம், அதனால் லண்டன் விசையும் (எலக்ட்ரான்கள் கணத்துக்குக் கணம் இடம் மாறுவதால் மூலக்கூறுகளுக்கு இடையே வரும் ஈர்ப்பு) அதிகம்.