பேரிக்காய் அவித்துக் கொடுத்தும் இருமல் குறையவில்லை: எந்த இருமலுக்கு எது?

நிலாமுற்றம்:
சீனாவில் குவாங்சோவில் இருக்கிறோம். பையனுக்கு மூன்றரை வயது, நாலு நாளா இருமல். காய்ச்சல் இல்லை, விளையாட்டு வழக்கம்போலத்தான். மூக்கு தண்ணியா ஒழுகுது, கோழை வெள்ளையா நுரையா வருது, படுத்தா இருமல் கூடுது. எதிர்வீட்டுப் பாட்டி சொன்னபடி பேரிக்காய்க்குள்ள கற்கண்டும் சுவான்பெய் (இருமலுக்குப் போடுற ஒரு சீன மூலிகைக் கிழங்கு) பொடியும் வச்சு அவிச்சு, மூணு நாளா ரெண்டு வேளையும் கொடுக்கிறோம். இருமல் குறையலை, வயிறும் இளகிப்போகுது.

செய்முறையில் தப்பா, அளவில் தப்பா? கடையில் சுவான்பெய்யோட கசப்பு வாதுமைப் பருப்பும் சேர்க்கச் சொல்றாங்க, சேர்க்கலாமா? ஒன்பது மாசப் பாப்பாவும் லேசா இருமுது, அவளுக்கும் இதையே கொடுக்கலாமா?

மூலிகைத்தராசு:
பேரிக்காயை இன்றைக்கே நிறுத்திடுங்க. பாட்டி சொன்ன பக்குவம் நல்ல பக்குவம்தான், ஆனா அது வேற இருமலுக்கு.

சீன வைத்தியத்துல இருமலுக்கு உணவு சொல்றதுக்கு முன்னால மூக்கு, கோழை, நாக்கு மூணையும் பார்ப்பாங்க. மூக்கு தண்ணியா ஒழுகி, கோழை வெள்ளையா நீர்த்து, நாக்குல மெல்லிசா வெள்ளை படிஞ்சிருந்தா குளிர் இருமல், அதாவது ஃபெங்ஹான். சளி மஞ்சளாகிக் கெட்டிப்பட்டு, தொண்டை சிவந்து வலிச்சு, நாக்கு நுனியும் சிவந்திருந்தா சூட்டு இருமல், ஃபெங்ரெ. கோழையே இல்லாம தொண்டை வறண்டு வெறுமனே லொக்கு லொக்குன்னு இருமினா வறட்டு இருமல். பேரிக்காய் குளிர்ச்சிக் குணம், சுவான்பெய்யும் குளிர்ச்சிப் பக்கம்தான். அது கடைசி ரெண்டு வகைக்கு உதவும். உங்க பையனுக்கு இருக்கிறது முதல் வகை. குளிருக்கு மேல குளிர் போட்டதால வயிறு இளகியிருக்கு.

இப்போதைக்கு இதைச் செய்ங்க. பூண்டு மூணு பல்லை நசுக்கி ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு, அரைக் கிண்ணம் தண்ணியும் சின்னக் கற்கண்டு ஒண்ணும் சேர்த்து மூடிடுங்க. கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணியுள்ள பாத்திரத்துக்குள்ள இறக்கி, தீயைக் குறைச்சு பதினைந்து நிமிஷம். வெதுவெதுப்பா, சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை நாலைஞ்சு கரண்டி போதும். பூண்டைத் தின்ன வேண்டியதில்லை. நேரா அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டா தண்ணி சுண்டிக் காரமாகிடும், பிள்ளை ஒரு வாயோட நிறுத்திடும். வெறும் வயித்துல கொடுத்தா வயிறு எரியும்.

இஞ்சியும் வெங்காயத்தாளோட வெள்ளைத் தண்டும் இன்னொரு வழி. 300 மில்லி தண்ணியில மெல்லிய இஞ்சித் துண்டு மூணு போட்டுப் பத்து நிமிஷம். வேரோட அலசின வெள்ளைத் தண்டு ரெண்டைக் கடைசி மூணு நிமிஷம் மட்டும் போடுங்க. அதோட வேலையே அந்த வாசனையிலதான் இருக்குன்னு கணக்கு. ஆரம்பத்துலயே போட்டா ஆவியோட போயிடும். ஒரு சிட்டிகை பழுப்புச் சர்க்கரை. நெத்தியில லேசா வியர்வை துளிர்த்தா அன்னைக்கு அதோட போதும்.

முக்கியமா, குழந்தைகளுக்கு ரெண்டு மூணு நாள்லயே குளிர் இருமல் சூடாகத் திரும்பும். காலையில சளி மஞ்சளாத் தெரிஞ்சா பூண்டையும் இஞ்சியையும் அன்னைக்கே விட்டுடணும். நேத்து கேட்டதுன்னு இன்னைக்கும் தொடர்றதுதான் நிறைய வீட்டுல நடக்கிற தப்பு.

ஆவிப்பாத்திரம்:
மேலே சொன்னது சரி. பின்னால் சூட்டு இருமலாகத் திரும்பினால் பேரிக்காய் தேவைப்படும் என்பதால் செய்முறையைச் சொல்கிறேன்.

பேரிக்காயை உப்புத் தேய்த்துக் கழுவி, மேலே ஐந்தில் ஒரு பங்கை மூடிபோல வெட்டிக்கொள்ளுங்கள். தேக்கரண்டியால் விதையையும் நடுத்தண்டையும் குடைந்தெடுங்கள். அடியில் ஓட்டை விழுந்தால் சாறு முழுக்கக் கிண்ணத்துக்குப் போய்விடும். குடைந்த குழிக்குள் கற்கண்டு இரண்டு சிறு துண்டு. இந்த வயதுக்குச் சுவான்பெய் பொடி ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம். மூடியைப் பல்குச்சியால் குத்தி மூடி, கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீர் கொதித்த பிறகு சிறு தீயில் நாற்பது நிமிடம் அவியுங்கள். சதை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வந்தால் பதம். காலை பாதி, மாலை பாதி, சாறோடு. சுவான்பெய்யை முழுசாகப் போட்டால் நாற்பது நிமிடத்தில் இளகாது. பொடியாகப் போட்டால் அடியில் தங்கிக் கடைசி வாய் கசக்கும். அதனால் கலக்கிக் கலக்கிக் கொடுங்கள்.

பொடியாக வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. சிச்சுவான், சிங்ஹாய், திபெத் மேட்டு நிலங்களில் விளையும் விலையுயர்ந்த கிழங்கு இது. மலிவான வேறு வகைகளைக் கலந்து அரைத்துவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. உயர்ந்த வகையான சொங்பெய் மணிபோல் சிறியது. வெளியே இரண்டு செதில்: பெரியது சிறியதை இறுக அணைத்திருக்கும், அணைபடாத பகுதி பிறைபோலத் தெரியும். ‘மார்பில் நிலாவை அணைத்தது’ என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் சிறு செதிலின் ஓரம் மட்டுமே எட்டிப் பார்க்கும். இரண்டு செதிலும் ஒரே அளவில் இருந்தால் அது சொங்பெய் அல்ல. முழுசாக வாங்கி, கண் முன்னால் அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுவான்பெய் இல்லாமல் வெறும் பேரிக்காயும் கற்கண்டும் அவித்தாலும் வறட்டு இருமலுக்குப் போதும். மூன்று வயதுக் குழந்தைக்கு நான் அதையே முதலில் சொல்வேன்.

வெண்நாரை:
கசப்பு வாதுமைப் பருப்பு கேள்விக்கு நேரா பதில்: வேண்டவே வேண்டாம். சீனக் கடையில் இந்தப் பேரில் விக்கிறது ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு, அதில் ரெண்டு வகை உண்டு. பெருசா தட்டையா இருக்கிறது ‘தெற்கு’, இனிப்பு. சின்னதா குண்டா இருக்கிறது ‘வடக்கு’, கசப்பு. கசப்பு வகையில் அமிக்டலின் இருக்கு, வயித்துக்குள்ள போனா சயனைடு வெளிப்படும். ஊறவைச்சுக் கொதிக்க வச்சா குறையும், ஆனா எவ்வளவு குறைஞ்சதுன்னு வீட்டில் அளக்க முடியாது. பிள்ளையோட எடையில் ஒரு சில பருப்பே ஆபத்து.

‘வெள்ளை நுரையீரலுக்குப் போகும்’னு சீன மருத்துவத்தில் ஒரு கணக்கு. பேரிக்காய், முள்ளங்கி, லில்லிக் கிழங்கு, வெள்ளைக் காளான் (காய்ஞ்சு வர்ற யின்அர்) எல்லாம் அதனால்தான் வரிசையா வருது. அந்த வரிசையிலேயே பைகுவோ, அதாவது கிங்கோ விதையும் வரும். அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. அதில் உள்ள நச்சு வைட்டமின் பி6-ஐத் தடுத்து வலிப்பை வரவழைக்கும், வேகவச்சாலும் முழுசா அழியாது.

வெள்ளைக் காளானை ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஊறவச்சா போதும். ராத்திரி முழுக்க வெளியே ஊறினா அதில் வளர்ற ஒரு பாக்டீரியா பொங்க்ரெக்கிக் அமிலம்ங்கிற நச்சை உண்டாக்கலாம். கொதிக்க வச்சாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. கொழகொழன்னு ஆனதைத் தூக்கிப் போடுங்க. இருமல் கஷாயத்துக்குப் புது லோகாட் (ஒரு பழமரம்) இலை கிடைச்சா பின்பக்க ரோமத்தைப் பிரஷ்ஷால் தேய்ச்சு எடுத்துட்டுத் துணியில் வடிகட்டணும். அந்த ரோமம் தொண்டையில் ஒட்டினா இருமலே கூடும்.

பாப்பாவுக்கு: ஒரு வயசு ஆகலை, தேன் ஒரு சொட்டும் கூடாது, போட்டுலிசம்ங்கிற ஆபத்தான நச்சு நோய் வரலாம். சுவான்பெய்-லோகாட் பாகு, பேரிக்காய்ப் பாகு ரெண்டிலும் பெரும்பாலும் தேன் இருக்கும், லேபிளைப் படிங்க. மூலிகை, கற்கண்டு, உப்பு எதுவும் வேண்டாம். பாலை அடிக்கடி கொடுங்க, மூக்கைச் சலைன் சொட்டால் சுத்தம் பண்ணுங்க. பையனுக்கு ராத்திரி படுக்கப் போறப்போ அரைத் தேக்கரண்டி தேன் தரலாம். மூக்கு நீர் தொண்டைக்குள்ள இறங்குறதாலதான் படுத்ததும் கூடுது, தேன் அந்த எரிச்சலைக் கொஞ்சம் அடக்கும்.

ரெண்டு பேருக்கும் தூங்குறப்போ ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. பாப்பாவுக்கு 50-ஓ அதுக்கு மேலயோ, பையனுக்கு 40-ஓ அதுக்கு மேலயோ இருந்தா, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தா, உதடு நீலம் பாரிச்சா, பால் குடிக்க முடியலைன்னா சமையலறை வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இருமி இருமி முடிவில் கூவுற மாதிரி மூச்சிழுத்தாலும் அதேதான். சளி மஞ்சளா இருக்கிறதை மட்டும் வச்சு பாக்டீரியான்னு முடிவு பண்ண முடியாது, அதனால் மிச்சம் இருக்கிற ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்துடாதீங்க.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி. பாப்பாவுக்கு 38, பையனுக்கு 26 எண்ணினோம். இன்னொண்ணு: பையனோட நாக்கில் நடுவில் தடிப்பா வெள்ளை, வாயும் நாறுது. ரெண்டு நாள் முன்னாடி விருந்தில் நிறைய மீனும் கேக்கும் சாப்பிட்டான். இதுக்கும் இருமலுக்கும் சம்பந்தம் உண்டா?

மூலிகைத்தராசு:
உண்டு, நல்ல வேளை கவனிச்சீங்க. ‘மண்ணீரல் கோழையைப் பிறப்பிக்கும், நுரையீரல் அதைச் சேமிக்கும்’னு சீன மருத்துவத்துல சொல்லுவாங்க. செரிக்காம தங்கினது கோழையாகும்னு அர்த்தம். தடிச்ச நாக்கு, வாய் நாற்றம், படுத்ததும் இருமல் மூணும் சேர்ந்தா உணவுத் தேக்க இருமல்னு பார்ப்பாங்க.

அப்போ பூண்டுத் தண்ணியை ஒரு வேளையாகக் குறைச்சுடுங்க. வெள்ளை முள்ளங்கி 100 கிராம் மெல்லிசா சீவி, 300 மில்லி தண்ணியில, உள்பக்க வெள்ளையைச் சுரண்டின ஒரு சின்னத் துண்டு சென்பீ (ஷின்ஹுய் பக்கத்துப் பழைய ஆரஞ்சுத் தோல்) சேர்த்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்க. பச்சை முள்ளங்கி குளிர்ச்சி, வெந்தது அவ்வளவு இல்லை, அதனால நல்லா வேகட்டும். காலையும் மதியமும் அரைக் கிண்ணம். ராத்திரிக்கு இறைச்சி, மீன், முட்டை எல்லாம் மூணு நாள் நிறுத்திட்டு வெறும் அரிசிக் கஞ்சி. தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால பால் வேண்டாம், கேக்கும் சாக்லேட்டும் கண்ணுலயே காட்டாதீங்க.

வயிறு இளகல் ரெண்டு நாள்ல நிக்கலைன்னா முள்ளங்கியையும் விட்டுட்டுக் கஞ்சி மட்டும். அதோட மருத்துவர்கிட்டக் காட்டிடுங்க.